கார் இல்லை, கூட்டம் ஆகாது, அம்மாவுக்கு முழங்கால் வலி: எங்கே போகலாம்?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 68, படி ஏறினால் முழங்கால் வலிக்கும். சுற்றுலாக் கூட்டம் இல்லாத சிற்றூர் ஒன்றுக்கு இரண்டு நாள் போய்வர ஆசை. சொந்த வாகனம் இல்லை. எந்த ஊர் சரிப்படும்?

பதில்: கழுகுமலை. மலை என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்மா பார்க்க வேண்டிய கழுகாசலமூர்த்தி (முருகன்) கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது. மலையைக் குடைந்த குகைதான் கருவறை. மேலே ஏற வேண்டியது நீங்கள் மட்டும்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் ரயிலில் ஏறிக் கோவில்பட்டியில் இறங்குங்கள். தங்குவதும் அங்கேயே இருக்கட்டும். கழுகுமலையில் அறை தேடி அலைவதைவிட, இருபது கிலோமீட்டர் தூரத்தில் வசதியான விடுதியில் படுத்து எழுவது அம்மாவின் காலுக்கு நல்லது. சங்கரன்கோவில் செல்லும் பஸ்கள் கழுகுமலை வழியாகப் போகின்றன.

இனி முக்கியமான விஷயம். இத்தகைய ஊர்களில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நேரக் கணக்குதான். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பிப் போனால், பாறை சுட ஆரம்பித்திருக்கும்; கீழே வருவதற்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருப்பார்கள், மாலைவரை திறக்க மாட்டார்கள். எனவே விடிந்ததும் முதலில் கிடைக்கும் பஸ்ஸைப் பிடியுங்கள். அம்மாவுக்குத் தரிசனம் முடித்து, மண்டப நிழலில் உட்கார வைத்துவிட்டு மலையேறுங்கள்.

மேலே வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிலும் வெட்டியெடுத்து, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. அதனால்தான் இதே முறையில் செதுக்கிய எல்லோரா கைலாசநாதர் கோயிலைவிட எனக்கு இது பிடிக்கும்: உளி நின்ற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. நேரே பள்ளத்துக்குள் இறங்கிவிடாதீர்கள். முதலில் பாறை விளிம்பில் நின்றால் கருவறைக்கு மேலுள்ள விமானம் உங்கள் கண் மட்டத்துக்கு வரும். பூதகணங்களின் முகத்தை அங்கிருந்துதான் பார்க்க முடியும். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை.

அதே மலையில் சற்றுத் தள்ளி, பாறை முகம் முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அந்தச் சிற்பங்களின் கீழே உள்ள வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்), செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் குனிந்து பாருங்கள். விரலால் மட்டும் தடவ வேண்டாம்.

மலையில் கடை கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்க வேண்டும். டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரிசல் பச்சை போர்த்தியிருக்கும், வழியெல்லாம் அதுதான் காட்சி. சித்திரையில் போனால் என்னைத் திட்டுவீர்கள். கந்த சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு ஊரே வேறு, நீங்கள் கேட்ட அமைதி இருக்காது. கிருத்திகையன்று போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளுக்குத் திட்டம் எதுவும் நான் தர மாட்டேன். அம்மாவின் கால் ஒத்துழைத்தால் சங்கரன்கோவில் போய்வரலாம், அதுவும் அதே சாலைதான். இல்லையென்றால் கோவில்பட்டியில் ஓய்வெடுத்து, ரயிலுக்கு முன் கடலைமிட்டாய் வாங்குங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதினீர்கள், பல்லைப் பற்றி எழுதவில்லை. கொஞ்சம் பொடித்துக் கொடுங்கள்.