வெள்ளம் பார்த்த ஆம்னியும் மூணு பவுன் சங்கிலியும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 54. 2009 ஜூனில் பதிவு செய்த மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தன்று சிந்துபூந்துறையில் மகள் வீட்டு வாசலில் நின்றது. சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவியின் மூணு பவுன் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய்க்கு இன்ஜின் வேலை பார்த்தேன். ஆவணியில் வயரிங் போனது, அதே சங்கிலி மேல் இன்னும் 35,000. இந்தப் பங்குனியில் கியர்பாக்ஸ், 25,000. வட்டி 14 சதவீதம். வருடா வருடம் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கிறேன். வண்டி மறுபடி நின்றுவிட்டது. ஆர்.சி.யும் 2024 ஜூனோடு முடிந்தது. மெக்கானிக் 45,000 கேட்கிறார். "அத்தான், நகை மேல இன்னும் வாங்கலாம்லா, சரி பண்ணிக் குடுங்க. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய் ஏத்தி நானே மாசாமாசம் கட்டிருதேன். பேரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறான் மச்சினன். மகனோ இதைக் கொடுத்துவிட்டு லோனில் புது கார் எடுக்கலாம் என்கிறான். மாதம் 5,000 கட்டும் சீட்டு தையில் முடிந்து 50,000 வரும். இரும்புக்கடைக்காரர் 18,000 தருகிறாராம். வண்டிக்குள் இப்போது கோழி முட்டையிடுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணாச்சி, வண்டியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நாலு வரியில் சொல்லிவிடலாம். கடிதத்தில் எனக்கு உறுத்தியது சங்கிலி.

வெள்ளத்துக்கு அப்புறம் அந்த ஆம்னி எத்தனை தடவை ஊரைத் தாண்டிப் போனது? நீங்கள் எழுதவில்லை, நானே தாராளமாக ஐந்து என்று வைக்கிறேன். திருச்செந்தூர் ஒன்று, குற்றாலம் ஒன்று, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று. போட்ட காசு 1,20,000. ஒரு பயணத்துக்கு 24,000 ரூபாய். அந்தக் காசுக்கு வாகைக்குளத்தில் விமானம் ஏறி வீட்டோடு சென்னைக்குப் போய் வந்திருக்கலாம். வட்டியாக மட்டும் இதுவரை இருபதாயிரத்துக்கு மேல் போயிருக்கும். இப்போது ஓடுவது வருடத்துக்கு 16,800, அதாவது மாதம் 1,400. நிற்கிற வண்டிக்கு மாதம் 1,400.

முதல் 60,000-ஐ நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளம் வடிந்த அந்த வாரத்தில் எல்லோருமே ஏதோ ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தோம். அடுத்த இரண்டு தடவை நடந்ததுதான் வேறு. தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது, அதே மூணு பவுனுக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. புதுப்பிக்கப் போய் நின்றால் கவுண்டரில் இருக்கிற பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க நகைக்கு இன்னும் நாப்பதாயிரம் எலிஜிபிளா இருக்கு" என்கிறான். அவன் வேலை அது. நமக்கோ ஏதோ வருமானம் வந்த மாதிரி மனசு குளிர்ந்துவிடுகிறது. அடகுச் சீட்டு ஏடிஎம் கார்டு ஆவது இப்படித்தான். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தால் அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதற்கு மேல் வாங்கினால் வளரும். ஒரு வருடம் வியாபாரம் படுத்து வட்டி கட்ட முடியாமல் போனால் ஏல நோட்டீஸ் வரும். அது வருவது வண்டிக்கு அல்ல, உங்கள் வீட்டம்மா கழுத்து நகைக்கு.

ஆகவே நாலாவது 45,000 கிடையாது. மச்சினனுக்காக என்றாலும் கிடையாது.

அவர் யோசனையில் கடனைத் தவிர இன்னும் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஆம்னி ஒயிட் போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. அதில் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ காய் ஏற்றினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். ஆர்.சி. முடிந்த வண்டி ரோட்டில் ஏறவே கூடாது. (ஜூனுக்கு அப்புறமும் நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.) புதுப்பிக்க வேண்டுமென்றால் 15 வருடம் தாண்டி 20 வருடம் ஆகாத காருக்குக் கட்டணமே 5,000. தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி. வண்டி ஓடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போய் ஆய்வில் தேறவும் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது: "பேரெல்லாம் அப்புறம்." பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். பழைய சேட்டக் ஸ்கூட்டர் ஒன்றைத் தெரிந்த ஆளிடம் 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, நான் போயே இராத ஒரு ஊர்க் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வக்கீலுக்குக் கொடுத்தது ஸ்கூட்டர் விற்ற காசைப் போல இரண்டு மடங்கு.

இதே காரணத்துக்காக இரும்புக்கடைக்காரரின் 18,000-க்கும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். விலை மோசமில்லை. ஆம்னி எண்ணூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் இரும்பாகத் தேறுவதைக் கிலோ 25 என்று போட்டாலும் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஆனால் அவர் வண்டியை வெட்டிவிடுவார், ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். சேஸிஸ் நம்பரும் நம்பர் பிளேட்டும் வேறு ஒரு வண்டியில் ஏறினால் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன, பட்டியல் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கிடைக்கும். அங்கே கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள், பணம் வங்கிக் கணக்குக்கு வரும், ஆர்.டி.ஓ.வில் பதிவையும் ரத்து செய்துவிடலாம். இழுத்துப் போகும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அது உங்கள் தலையில் விழுந்து கைக்கு 13,000, 14,000தான் வந்தாலும் நான் அந்த வழியைத்தான் எடுப்பேன். அதற்கு முன்னால் ஆர்.சி.யில் பழைய லோன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்து பத்து வருடம் ஆகியும் அந்த வரியை நீக்காதவர்கள் நம் பக்கம் ஏராளம். இருந்தால் வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி நீக்கிவிடுங்கள். போக்குவரத்து அபராத இ-சலான் பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

அந்த ஒப்படைப்புச் சான்றைக் காட்டித்தான் மகன் புது வண்டி கேட்பான். புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, கம்பெனி தள்ளுபடி தரும் என்று ஷோரூமில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். தள்ளுபடி கிடைக்கிறதென்று ஐந்து லட்சத்துக்குக் கடன்காரன் ஆவதா? 5 லட்சம் கடன், 9.5 சதவீதம், ஏழு வருடம் என்றால் மாதம் சுமார் 8,170. மொத்தம் 6.86 லட்சம் கட்டுவீர்கள். ஒரு வருடத் தவணை மட்டும் 98,000. வருடத்துக்குப் பத்து தடவை வாடகைக் கார் பிடித்து, தடவைக்கு 3,000 கொடுத்தாலும் 30,000தான். அதில் டீசல் உங்களுடையது இல்லை, டயர் உங்களுடையது இல்லை, வெள்ளத்தில் நின்றாலும் அது அவன் வண்டி.

சீட்டுப் பணத்தையும் மகன் முன்பணத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பான். அது அடகுக்குப் போகட்டும். வண்டிக் காசு 18,000 என்றே வைத்துக்கொள்வோம், தையில் 50,000. கடன் 52,000-க்கு வந்துவிடும். சீட்டு முடிந்ததால் மிச்சமாகும் 5,000-ஐ அப்படியே மாதாமாதம் கட்டினால் பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் முடியும். அடுத்த தை பிறக்கும்போது சங்கிலி வீட்டில் இருக்கும். வண்டிக் காசு நாலாயிரம் குறைந்தால் ஒரு மாதம் கூடும், அவ்வளவுதான். கட்டும்போது பணம் முதலில் அதுவரை ஏறிய வட்டிக்குப் போகும், மீதிதான் அசலில் கழியும். எனவே ஒவ்வொரு தடவையும் அசல் எவ்வளவு குறைந்தது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். "எலிஜிபிள்" என்று கவுண்டர் பையன் ஆரம்பித்தால் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மச்சினனிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். வீட்டம்மாவின் கூடப்பிறந்தவன். இந்தக் கணக்கை முதலில் வீட்டம்மாவிடம் காட்டுங்கள். நகை அவர்களுடையது, தம்பியும் அவர்களுடையவன், பேச வேண்டிய விதத்தில் அவர்களே பேசுவார்கள். அவர் நிஜமாகவே காய்கறி வியாபாரத்தில் இறங்குவதாக இருந்தால், சரக்கு வண்டியாகப் பதிவான பழைய நாலு சக்கரம் ஒன்றைத் தன் பெயரில், தன் கடனில் எடுக்கட்டும். ஆரம்பத்தில் இரண்டு மாதம் வாடகை ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தால் வியாபாரம் நிற்குமா என்பதும் தெரிந்துவிடும்.

வண்டியை இழுக்க ஆள் வரும் அன்று பேட்டரி, ஸ்டெப்னி எதையும் கழற்ற வேண்டாம், குறைந்தால் விலையையும் குறைப்பார்கள். டேஷ்போர்டில் பழைய காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். கோழியையும் முட்டையையும் முந்தின நாள் ராத்திரியே கூடைக்கு மாற்றிவிடுங்கள். பகலில் தூக்கினால் மறுபடி சீட்டுக்கு அடியிலேயே போய் உட்காரும்.