கன்று வீசினால் புதைக்க அவசரப்படாதீர்கள்: கால்நடைக் கேள்வி-பதில்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சினை வீச்சை, அதாவது மாதம் நிறையும் முன்பே கன்றோ குட்டியோ விழுந்துவிடுவதைப் பற்றியே இருக்கின்றன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதச் சினையில் கலப்பினப் பசு கன்று வீசிவிட்டது. இரண்டு நாளாக இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழவில்லை. சூட்டினால்தான் என்கிறார்கள். கன்றைப் புதைத்துவிட்டோம். இனி என்ன சோதனை செய்வது? (கல்லல்)

சூட்டின் மேல் பழி போடுவது சுலபம். ஐந்து மாதத்துக்கு மேல் வீசி, இளங்கொடியும் தங்கிவிட்டால் முதல் சந்தேகம் புருசெல்லா என்ற கிருமியின் மேல்தான். ஊரில் 'கன்று வீச்சு நோய்' என்பது இதைத்தான். ஆனால் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி, ஐ.பி.ஆர். வைரஸ், பூஞ்சை பிடித்த வைக்கோல் எல்லாமே இதே மாதிரி வீச வைக்கும். பார்த்த மாத்திரத்தில் இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

கன்று போனாலும் இளங்கொடி இன்னும் இருக்கிறதே. தொங்குவதில் செங்கல்லைக் கட்டி இழுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள். 1962-க்கு அழைத்தாலும் வருவார்கள். பொத்தான் போலத் திட்டுத்திட்டாக இருக்கும் பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றிச் சாயம் ஏற்றினால், புருசெல்லா கிருமிகள் கும்பல் கும்பலாகச் சிவப்புப் பொடி தூவினாற்போலத் தெரியும். பசுவின் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு சொட்டு, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்பு மருந்தில் ஒரு சொட்டு; கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால், நோய் இருக்கும்போது பால் திரிந்ததுபோல் துகள் துகளாகத் திரளும். அதை எலிசா என்ற ஆய்வகச் சோதனையில் உறுதி செய்வார்கள். இல்லை என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வீசிய நேரத்தில் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் ஏறாமலும் இருக்கும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள். லெப்டோவுக்கும் இப்படி இரண்டு ரத்தம் வேண்டும். இரண்டாவதில் எதிர்ப்புப் பொருளின் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் அது புது நோய் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்து யார் வீட்டில் வீசினாலும், கையுறை போட்டுக்கொண்டு கன்றையும் இளங்கொடியையும் இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, மீன் வரும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறையவிடக் கூடாது, திசு சிதைந்துவிடும். கன்று பெரிதாக இருந்தால் அதன் வயிற்றுத் திரவம், நுரையீரல், ஈரல், மண்ணீரலை மருத்துவர் எடுத்துக்கொள்வார். திசு கெடாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில் தனியாகச் சில துண்டுகளும் போடுவார். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு இவற்றை அனுப்பும்போது சினை ஊசி போட்ட தேதி, தடுப்பூசி, தீவனம், சமீபத்தில் வாங்கிய மாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இத்தனை செய்தும் பல நேரம் காரணம் சிக்காது. இளங்கொடி இல்லாமல் வெறும் ரத்தத்தை மட்டும் அனுப்பினால் சிக்குவது இன்னும் குறைவு.

பன்னிரண்டு வெள்ளாட்டில் நான்கு, நாலாம் மாதத்தில் குட்டி வீசிவிட்டன. ஒரு குட்டி காய்ந்து கருவாடு மாதிரி இருந்தது. வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். (புதுவயல்)

அம்மா, முதலில் மருமகளை ஆட்டுப் பட்டிப் பக்கமே விடாதீர்கள். குட்டி வீச வைக்கும் கிளமைடியா, டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிகள் இரண்டும் கர்ப்பிணிக்கு ஆபத்து. பட்டியில் போட்டிருந்த உடுப்பைக்கூட அவர் துவைக்க வேண்டாம்.

காய்ந்த குட்டி என்றதும் எனக்குத் தீவனம் வைத்திருக்கும் அறையில் பூனை படுக்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. குட்டிப்பூனையின் எச்சம் தவிட்டில் கலந்தால் டாக்ஸோபிளாஸ்மா ஆட்டுக்கு வந்துவிடும். இளங்கொடியின் பொத்தான்களில் குருணை ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கொடி தோல்போலத் தடித்திருந்தால் கிளமைடியாவை நினைக்கலாம். ஆட்டு புருசெல்லாவையும் விட்டுவிட முடியாது, நான்கின் ரத்தத்தையும் கொடுங்கள். டாக்ஸோ வந்த ஆடு பெரும்பாலும் மறுபடி வீசாது. அதனால் முடிவு வரும் முன்பே சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். புருசெல்லாவாக இருந்தால் வாங்குகிறவர் பட்டிக்கும் சேர்த்து அனுப்பியதாகிவிடும்.

எங்கள் ஊர்ப் பசுக்கள் கோயில் காளையிடம்தான் சேர்கின்றன. நாற்பது நாள் கழித்துத் திரும்பவும் பருவத்துக்கு வருகின்றன. காளைக்குக் குறையா? (சிராவயல் பக்கம்)

மஞ்சுவிரட்டுக் காளையைக் குறை சொன்னால் ஊரே கோபிக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வழக்கமான 21 நாளில் பருவம் வராமல் தள்ளித் தள்ளி வந்தால், கரு தங்கிச் சீக்கிரமே அழிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கேம்பைலோபேக்டர், டிரைக்கோமோனாஸ் என்ற கிருமிகள் இரண்டும் காளையின் ஆண்குறி உறைக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும்; காளைக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. உறையைக் கழுவிய நீரை வாரம் ஒன்றாக மூன்று முறை பரிசோதிக்க வேண்டும். அதுவரை காளை வாடிவாசலோடு இருக்கட்டும், பசுக்களுக்குச் சினை ஊசி போடுங்கள்.

சினை மாடுகளுக்கும் கன்று வீச்சுத் தடுப்பூசி போடலாமா? (பள்ளத்தூர்)

கூடாது. எஸ்-19 என்ற அந்தத் தடுப்பூசி, உயிருள்ள கிருமி ஊசி. அதுவே வீச வைத்துவிடும். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. 2019 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். நீங்களே போட்டுக்கொள்ள நினைக்காதீர்கள், ஊசி கையில் குத்தினால் நோய் உங்களுக்கு.

இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது தப்பா? (தேவகோட்டை)

எங்கள் வீட்டிலும் கட்டியவர்கள்தான். பாலுள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பார்கள். ஆனால் காக்கை இழுத்துக் கீழே போடும், நாய் தின்னும். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அப்படித்தான் நாய்க்குப் போய், நாய் எச்சம் வழியாக மறுபடி மாட்டுக்கு வருகிறது. தாயிடமிருந்து கன்றுக்கும் இறங்கும், மருந்தும் இல்லை. நாலடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஊருணிக் கரையில் வேண்டாம்.

வெறும் கையால் செத்த குட்டியை இழுத்துப் போட்டேன். ஒரு மாதமாகச் சாயங்காலம் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு வலி. (குன்றக்குடி)

தம்பி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை கிடைக்காமல் வெறும் கையை உள்ளே விட்டவன்தான் நானும். தப்பித்தது அதிர்ஷ்டம். மாத்திரைக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போய், ஆடு வளர்க்கிறேன், குட்டி வீசியதைக் கையால் எடுத்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். புருசெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. உறுதியானால் இரண்டு மருந்து, ஆறு வாரம். பத்து நாளில் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால் திரும்ப வரும். அந்த ஆட்டுப் பாலை வீட்டில் பச்சையாகக் குடித்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.