டெலவேரில் கம்பெனி தொடங்கிவிட்டுத்தான் முதலீடு கேட்க வேண்டுமா?

கேள்வி: நானும் நண்பரும் உருவாக்கிய மென்பொருளுக்கு, மாதாமாதம் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். விதை நிதிக்கு, அதாவது கம்பெனியின் ஆரம்பகட்ட முதலீட்டுக்கு, வெளிநாட்டு முதலீட்டாளர்களை அணுகப்போகிறோம். முதலில் அமெரிக்காவின் டெலவேரில் ஒரு கம்பெனி பதிவு செய்துவிடு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்க முதலீட்டாளர்கள் டெலவேரைக் கேட்பது உண்மைதான், அங்குள்ள கம்பெனிச் சட்டம் அவர்களுடைய வக்கீல்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உங்களுக்குப் பணம் தரப்போகிறவர் அமெரிக்கர்தான் என்று யார் சொன்னது? சிங்கப்பூர் கம்பெனியே போதும் என்பவர்களும் உண்டு. ஆள் கிடைத்த பிறகு அவரிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்தால் செலவு அன்றோடு முடிவதில்லை. டெலவேரில் ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் ஒரு வரி கட்ட வேண்டும். பலரையும்போல ஒரு கோடி பங்குகள்வரை வெளியிடலாம் என்று அங்கீகரித்து வைத்திருந்தால், முழு ஆண்டுக்கான நோட்டீஸில் வரி 85,165 டாலர் என்று இருக்கும், பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இன்னொரு முறை இருக்கிறது, அதில் சின்ன கம்பெனிக்குப் பெரும்பாலும் 400 டாலர்தான் வரும். ஆனாலும் இரண்டு நாட்டுக் கணக்கையும் பார்க்க ஆள் வேண்டுமே. உள்ளூர்க் கம்பெனியின் மதிப்பு ஏறிய பிறகு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே மாற்றினால் சொந்த நாட்டில் வரி விழலாம் என்பதும் நிஜம். அதனால் முதலீட்டாளர் உறுதியானதும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ஒப்பந்தம் பெரும்பாலும் 'சேஃப்' என்ற வடிவில் வரும், பணம் இப்போது வரும், அதற்கான பங்குகளைப் பின்னால் கொடுப்பீர்கள். புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் அமெரிக்க நிறுவனமான வை காம்பினேட்டர் இதை 2013-ல் கொண்டுவந்தது, 2018-ல் மாற்றியது. புதிய வடிவத்தில் உச்சவரம்பு, அதாவது பங்குக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அதிகபட்சக் கம்பெனி மதிப்பு, 50 லட்சம் டாலராக இருக்க, 5 லட்சம் வாங்கினால் கம்பெனியில் 10 சதவீதம் போனதாகவே கணக்கு. மூன்று பேரிடம் அப்படி வாங்கினால் 30. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதாகத்தான் தெரியும்.

முக்கியமான ஒன்று. ஆரம்பத்தில் யாராவது நட்புக்காக நிரல் எழுதிக் கொடுத்தார்களா? அதன் உரிமை கம்பெனிக்கே என்று அவரிடம் இன்றே எழுதி வாங்குங்கள். முதலீட்டாளரின் வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார், அந்த நேரத்தில் நண்பரைத் தேடி ஓடுவது ரொம்பக் கஷ்டம்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? அந்தப் பன்னிரண்டு பேரில் வெளிநாட்டுக்காரர் யாராவது இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். முகம் தெரியாத தூரத்தில் இருப்பவருக்கு, உங்களுக்குப் பணம் கட்டும் ஒருவர் எழுதும் நான்கு வரி அறிமுகம் பெரிய பலம்.