நெல்லையில் புரோக்கோலி விளையுமா? எந்த ரகம், எந்த மாதம் நடலாம்?

விளையும். ஆனால் ஊட்டியிலிருந்து கடைக்கு வரும் பூவை மனதில் வைத்துக்கொண்டு நடாதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

பாளையங்கோட்டை பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனியில் நடலாமா, பூசா கேடிஎஸ்-1 நல்லதா, கிரீன் மேஜிக் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ரகத்துக்கு முன்னால் மாதத்தை முடிவு பண்ணுங்கள்.

ஆனி, ஆடி வேண்டவே வேண்டாம். தென்காசியில் சாரல் அடிக்கும்போது நமக்கு வருவது காற்று மட்டும்தான், அதுவும் சுடுகாற்று. புரோக்கோலிக்குப் பூ திரள 15 முதல் 20 டிகிரி வேண்டும். நமக்கு மார்கழி ராத்திரியில்தான் அந்த 20-ஐ ஒட்டியாவது இறங்கும்; பகலில் அப்போதும் 30 வந்துவிடும். அதனால் பூ திரளும் நாட்கள் மார்கழிக் கடைசியிலும் தையிலும் விழுகிற மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அக்டோபர் நடுவில் குழித்தட்டில் விதை, நவம்பர் நடுவில் நடவு.

வெயிலில் செடி செத்துவிடாது, அதுதான் சிக்கல். இலை தளதளவென்று வரும், பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். நடுக்குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டுக்கு மாறும் சமயத்தில் சில நாள் கடும் வெயில் அடித்தால் போதும், பூ கெட்டுவிடும். குருத்தை விலக்கிப் பார்த்தாலே தெரியும். நல்ல பூவில் மொட்டுகள் கேழ்வரகு மாதிரி ஒரே சீராக நெருங்கி இருக்கும். சூடு பட்டதில் சில மொட்டு பருத்து, சில மொட்டு கடுகளவில் நின்று, மேடும் பள்ளமுமாக இருக்கும். இடையிடையே சின்ன இலைகள் முளைத்துக்கொண்டு வரும். அதற்கப்புறம் என்ன உரம் போட்டாலும் திருந்தாது.

இப்போது ரகம். பூசா கேடிஎஸ்-1 இமாச்சலப் பிரதேசத்தில் கட்ராயின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. குளிர் நீண்டு கிடக்கும் ஊருக்கு அருமையான ரகம். ஆனால் நட்டதிலிருந்து மூன்று மாதம் கேட்கும். நமக்கோ குளிர் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு நாள் ஏது? பூ முற்றுவதற்குள் மாசி வெயில் வந்துவிடும். கிரீன் மேஜிக் போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் இரண்டு மாதத்தை ஒட்டி அறுப்புக்கு வந்துவிடும், சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆகவே நம் பக்கத்துக்கு அதுதான். விதை விலை கூடத்தான், சரி, பரவாயில்லை.

நவம்பரில் நட்டால் அடைமழை தலையில் விழும். 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றாலே செடி மஞ்சளடித்துவிடும். மேட்டுப்பாத்தி போட்டு, ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுங்கள். கரிசலாக இருந்தால் வடிகால் இன்னும் ஆழமாக வேண்டும். தண்டுக்குள் பொந்து விழுந்தால் போரான் என்ற நுண்ணூட்டச் சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், அல்லது யூரியாவை அள்ளிப் போட்டிருப்பீர்கள். புழு என்றால் வைரமுதுகு அந்துப்பூச்சிதான் முதல் எதிரி. ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதைத்துவிட்டால் கொஞ்சம் அங்கே போய்விடும்.

விளைச்சலைப் பொறுத்தவரை, மலையில் வருவதில் பாதி எடைக்குப் பூ வந்தால் சந்தோஷப்படுங்கள். இதை நம்பி ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம்; கத்தரிக்காய் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டு வரிசை போதும். மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் வெயில் ஏறுமுன் அறுத்து, ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே விற்றுவிடுங்கள். மறுநாளே மஞ்சள் தட்ட ஆரம்பிக்கும்.

நடுப்பூவை அறுத்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இலைக்கணுவிலிருந்து பக்கப்பூக்கள் வரும், சின்னதுதான், ஆனால் வீட்டுப் பொரியலுக்கு மாசி வரை ஓடும். பங்குனி பிறந்ததும் எல்லாம் மஞ்சளாக விரியும். அதற்குமேல் தண்ணீர் பாய்ச்சுவது தண்டம், ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.