யூகோன் காட்டில் பனியின் நீரளவை எடுப்பது எப்படி?

கனடாவின் யூகோனில் பனி அளவைக்குப் போகும் வாசகர் கேட்கிறார்: "பனியில் குத்தி மாதிரி எடுக்கும் குழாயை மேலே தூக்கினால் அடிப்பனி கொட்டிவிடுகிறது. கழியால் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாதா?"

போதாது. ஒரே 60 செ.மீ. பனியில் 12 செ.மீ. தண்ணீரும் இருக்கலாம், 20 செ.மீ. தண்ணீரும் இருக்கலாம். உருகி ஆற்றுக்கு வரப்போவது அந்தத் தண்ணீர்தான். எனவே எடை அவசியம்.

கொட்டுவதற்குக் காரணம் உண்டு. தரை சற்றே வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். இடையில் ஏறும் நீராவி அடிப்பனியை ஒட்டாத சர்க்கரை மணிகளாக்கிவிடும். குழாயைப் பனியோடு நிறுத்தாமல் மண்ணுக்குள் இரண்டு மூன்று செ.மீ. இறக்குங்கள்; அந்த மண்ணே அடைப்பானாகும். மண் உறைந்து கெட்டியாக இருந்தால் பக்கத்தில் பள்ளம் தோண்டி, தட்டையான தகட்டை வாயின் கீழ் செருகித் தூக்குங்கள். மண்ணைச் சுரண்டிவிட்டு, அதன் நீளத்தை ஆழத்தில் கழித்து, பிறகே எடை போடுங்கள்.

கணக்கு எளிது. 30 சதுர செ.மீ. வாயுள்ள குழாயில் பனி மட்டும் 360 கிராம் என்றால் 360 ÷ 30 = 12 செ.மீ. தண்ணீர். ஆழம் 60 என்றால் அடர்த்தி 0.20. அமெரிக்க மேற்கின் ஆழ்பனிக்கு உருவான ஃபெடரல் குழாயின் உள்விட்டம் 1.485 அங்குலம்; ஒரு அவுன்ஸ் பனி, ஒரு அங்குலத் தண்ணீர். கெட்டிக்கார ஏற்பாடுதான்! ஆனால் வாய் குறுகியதால் அதே 12 செ.மீ. நீர் அதில் சுமார் 134 கிராம்தான்; சுருள்வில் தராசின் பிழை அதில் பெரிதாகத் தெரியும். அந்தக் குழாய்தான் கையில் இருக்கிறதென்றால் பத்து இடத்துப் பனியையும் ஒரே பையில் கொட்டி, ஒருமுறை எடை போட்டுப் பத்தால் வகுங்கள். ஆழத்தை மட்டும் தனித்தனியே குறியுங்கள். அதன் பற்கள் பனியை உள்ளே தள்ளுவதால் 10 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு.

குழாயை நிழலில் வைத்து, காற்றின் குளிருக்கு வந்த பிறகே குத்துங்கள். வெயில்பட்ட குழாயில் பனி உருகி ஒட்டும். அடுத்த மாதிரி உள்ளே ஏறாது, ஆழமோ சரியாகவே காட்டும். ஒவ்வொரு முறையும் வெறுங்குழாயை எடை போட்டுப் பாருங்கள்.

பாசித்தரையில் கவனம் தேவை. கழி பாசிக்குள் புதைந்து, இல்லாத பனியைக் காட்டும்.

மார்ச், ஏப்ரல், மே முதல் தேதிகளையொட்டி அதே புள்ளிகளில்தான் அளக்க வேண்டும். நல்ல பனி தெரிகிறதே என்று நகர்ந்தால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. குழாயை மாற்றுவதானால் ஓரிரு பருவம் இரண்டாலும் அளந்து, வித்தியாசத்தைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.