வலி இல்லை என்று விட்ட கட்டி

குடியாத்தம் வாசகருக்கு,

தம்பி, குழந்தை இல்லை, விந்தணு குறைவு என்று நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்துக் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "இடது விரையில நாலஞ்சு மாசமா கல்லு மாதிரி ஒரு கட்டி இருக்கு, வலி இல்ல, அதனால விட்டுட்டேன்." மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். இந்தக் கட்டியை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். சம்பளம் வரட்டும், ஆடி கழியட்டும் என்று தள்ளாதீர்கள்.

வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. கிருமித் தொற்று என்றால் வலிக்கும், வீங்கும், காய்ச்சல் வரும். விரை முறுக்கிக்கொண்டால் ஆளையே துடிக்க வைத்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டிய அவசரம் அது. வலியே இல்லாமல், விரையோடு சேர்ந்து, கெட்டியாக ஒரு கட்டி இருந்தால் புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வேறு எதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள் வருகிற நோய் அது. உங்களுக்கு 32. விந்தணு குறைவாக இருக்கிற ஆண்களிடம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே அதைப் பார்க்கிறோம்.

நான்கு இடங்களுக்குப் போனேன், எல்லாரும் லேப் ரிப்போர்ட்டைத்தான் பார்த்தார்கள், யாரும் தொட்டுச் சோதிக்கவில்லை என்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. குழந்தையில்லை என்று வருகிற ஆணை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் கையால் பார்க்காமல் மருந்து எழுதவே கூடாது. எங்கள் மேஜையில் முட்டை வடிவ மணிகளைக் கோத்த மாலை ஒன்று இருக்கும். சின்னது 1 மில்லி, பெரியது 25 மில்லி. ஒரு கையால் விரையையும் மறு கையால் மணியையும் உருட்டி, எது எதற்குச் சமம் என்று பார்ப்போம். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டே நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டி அன்றே கையில் தட்டியிருக்கும்.

வெந்நீரில் குளித்து முடித்ததும் நீங்களே பார்க்கலாம். கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் விரையை மெதுவாக உருட்டுங்கள். நல்ல விரை, ஓடு உரித்த அவித்த முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். அதன் பின்பக்கம் மேலிருந்து கீழாக மெத்தென்று ஒரு கயிறு தட்டுப்படும். அது விந்தணு முதிர்கிற குழாய், எல்லாருக்கும் உண்டு. அதைத் தொட்டுவிட்டுக் கட்டி என்று பயந்து வருகிறவர்களும் நிறைய. விரைக்கு மேலே, மண்புழுக்கள் சுருண்டு கிடப்பது போலத் தளர்வாக இருந்தால் அது வெரிகோசில் என்கிற ரத்தக்குழாய்ச் சுருள். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்கும், படுத்தால் வடிந்துவிடும். வலது பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் வடியாவிட்டாலோ வயிற்றை ஸ்கேன் பார்க்க வேண்டும். ஆனால் கயிற்றிலும் சேராமல், சுருளிலும் சேராமல், விரையின் சதையிலேயே பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதாவது தட்டினால் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டு இருக்காதீர்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். யாரையும் ஊசி குத்திச் சதை எடுக்க விடாதீர்கள்.

விரைப்பையில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள். பெரும்பாலும் இவ்வளவிலேயே வழி தெரிந்துவிடும். ஆபரேஷன் வேண்டியிருந்தால் தொடை இடுக்கு வழியாகத்தான் செய்வார்கள், விரைப்பையைக் கீற மாட்டார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிற நோய் இது. ஒரு விரையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் அது போதும். வேலூருக்கு வந்து செலவு செய்ய முடியுமோ என்று தயங்க வேண்டாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்க ஒரே கேள்விதான்: "நான் ஆம்பளையே இல்லையா சார்? அவளை விட்டுக் கொடுத்துடணுமா?" இல்லை, தம்பி. விந்தணு குறைவது வேறு, ஆண்மை வேறு. உங்கள் தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விந்து என்று வெளிவருவதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளின் நீர். விந்தணு அதில் மிகச் சிறிய பங்கு. கண்ணுக்குத் தண்ணீராகத் தெரிகிறதா, கெட்டியாகத் தெரிகிறதா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நீங்கள் மட்டும் தனியாகவும் இல்லை. வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திப்பவர்கள் உலகில் 6 பேருக்கு ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது; ஐந்தில் ஒரு பங்கினரிடம் ஆணின் பக்கம் மட்டுமே. அப்படியிருக்க, உங்கள் மனைவி மூன்று வருடமாகக் கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போய், சிம்மக்குளத்தில் முழுகி, ஈரச்சேலையோடு கோயிலில் படுத்து எழுந்திருக்கிறார். கும்பிடட்டும், நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்த மூன்று வருடமும் நீங்கள் ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளாமல், "மருமகளுக்குத்தான் குறை" என்று அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அம்மாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்ல வேண்டும். மனைவி சொல்லக் கூடாது.

முதல் ரிப்போர்ட்டில் மில்லிக்கு 90 லட்சம். அது குறைவுதான். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். ஆனால் அது பாஸ் மார்க் அல்ல. ஒரு வருடத்துக்குள் குழந்தை தரித்த தம்பதிகளின் ஆண்களை எடுத்துப் பார்த்து, அவர்களிலேயே கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அங்கே போட்ட கோடு. அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு, வீட்டிலேயே எடுத்து, பாலித்தீன் கவரில் சுற்றி, பஸ் பிடித்துக் காட்பாடி லேபில் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய மாதிரி அது. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே எடுத்து, சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகுதான் "கவுண்ட் கம்மி" என்று சொல்ல வேண்டும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த டெங்கு காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் பூஜ்யம். நீங்கள் இடிந்துபோனது அதைப் பார்த்துத்தான். அதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் போட்டுக்கொண்ட ஊசி. ஜிம் நண்பர் சொன்னார், மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கொடுத்தார்கள், யூடியூபில் பார்த்து நீங்களே வாரம் ஒன்றாக மூன்று மாதம் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசியைப் போட்டுக்கொண்டீர்கள், கவுண்ட் ஏறும் என்று! 1990-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஏற்ற அல்ல, நிறுத்த.

ரத்தத்தில் அந்த ஹார்மோன் நிரம்பியதும், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி "போதும்" என்று, விரையை வேலை செய்ய வைக்கிற எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்கிற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. விரைக்குள் சொந்தமாகச் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது நின்றால் விந்தணு உற்பத்தியும் நிற்கும். உடம்பு முறுக்கேறும், உள்ளே விரை சுருங்கும். இன்றோடு அந்த ஊசியை நிறுத்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உற்பத்தி திரும்பிவிடும், சிலருக்கு இன்னும் நாளாகும்.

இன்னொன்று. ஊசியால் விரை மெத்தென்று ஆகுமே தவிர, கல்லாகாது. கட்டி ஊசிக்கு முன்னாலேயே வந்ததும் உங்கள் கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே "ஊசியை நிறுத்தினால் கட்டியும் போய்விடும்" என்று காத்திருக்க வேண்டாம். அடுத்தாற்போல எச்.சி.ஜி. என்கிற ஹார்மோன் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். கட்டிக்காக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் தேடுவதே எச்.சி.ஜி.யைத்தான், வெளியிலிருந்து அதை ஏற்றிக்கொண்டால் ரிப்போர்ட் குழம்பிவிடும்.

சுய இன்பத்தாலோ, தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலோ ஒன்றும் ஆகாது. இடது விரை தாழ்ந்திருப்பது பலருக்கும் இயல்பு. உறவுக்குப் பிறகு விந்து வழிந்து வெளியே வருவதும் இயல்பு. பொன்னுக்கு வீங்கி பருவம் வந்த பிறகு வந்தால் விரையைத் தாக்கலாம். உங்களுக்கு வந்தது 7 வயதில். லாட்ஜில் ரூம் போட்டு 48 நாள் லேகியம் தருகிறவரிடம் இனிக் காசு கொடுக்காதீர்கள்.

ராணிப்பேட்டையில் வெல்டிங் வேலை என்கிறீர்கள். விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதனால்தான் வெளியே தொங்குகிறது. வேலையை விட வேண்டாம். நெருப்புப் பக்கம் இடைவிடாமல் உட்காராதீர்கள், தளர்வான உடை போடுங்கள். புகையிலையை மட்டும் கண்டிப்பாக விடுங்கள்.

கட்டிக்கு விடை தெரிந்த பிறகு எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் பார்ப்போம். ஊசியை நிறுத்தி மாதங்கள் கழிந்தும் பூஜ்யமே என்றால், அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பிரித்தாக வேண்டும். எஃப்.எஸ்.எச். சரியாக, விரை நல்ல அளவில் இருந்தால் அடைப்பாக இருக்கலாம். நம் ஊரில் பழைய காசநோயாலும் விந்தணு வருகிற குழாய் அடைபடுவதுண்டு. உற்பத்தியே இல்லை என்றால் மரபணுப் பரிசோதனை தேவைப்படும். அப்போதும் விரையிலிருந்தே ஒரு சில அணுக்களை எடுத்து, மனைவியின் கருமுட்டைக்குள் ஒன்றைச் செலுத்துகிற இக்சி முறை 1992 முதல் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு 27 வயது, அவகாசம் இருக்கிறது. ஆனால் கட்டி புற்றுநோய் என்று தெரிந்து கீமோ மருந்து ஏற்ற வேண்டி வந்தால், அதற்கு முன்னாலேயே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள்.

போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும் போட்ட ஊசியின் காலி அட்டையையும் கொண்டு போங்கள். எத்தனை ஊசி, கடைசி ஊசி என்றைக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல், உள்ளே.