பாம்பனில் சுட்டி டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால்

சுட்டி டிவியை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். சேனலை யாரும் நிறுத்தவில்லை. சுட்டி டிவி 2007-லிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செய்தி சேனல் தெளிவாக வந்து, பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனும் விளையாட்டுப் போட்டியும் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு உங்கள் மாடியில், டிஷ் பக்கம்தான் இருக்கும்.

டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் சிறிய கருவியான எல்என்பி-க்கு செட்டாப் பாக்ஸ்தான் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. பாதி சேனல்களுக்கு 13 வோல்ட், மீதிக்கு 18 வோல்ட். கேபிள் முனை அரித்துவிட்டால் 18 போய்ச் சேராது, அந்தப் பாதி அப்படியே மறைந்துவிடும். நம் பக்கம் கச்சான் காற்று உப்பை வாரிக்கொண்டு வந்து அடிப்பதால் இது அடிக்கடி நடக்கும். மண்டபத்தில் என் அக்கா வீட்டில் கழற்றிப் பார்த்தபோது செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு கனமாகப் படிந்திருந்தது.

முதலில் வேறு எந்தெந்த சேனல்கள் வரவில்லை என்று எழுதிப் பாருங்கள். நாலைந்து சேர்ந்து போயிருந்தால் இதுதான். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்என்பி முனையைக் கழற்றுங்கள். களிம்பு இருந்தால் சுரண்டாதீர்கள். கேபிளை நாலு விரல் அளவு வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். அப்புறம் மேலே ரப்பர் உறை கட்டாயம் வேண்டும்.

ஒன்று, திரையில் 'சந்தா இல்லை' என்று வந்தால் இது எதுவும் வேண்டாம், உங்கள் சந்தா பேக்கில் அந்த சேனலைச் சேர்த்தால் போதும். காற்று வேகமாக இருக்கும் நாளில் மாடி ஏறாதீர்கள். பிள்ளைகள் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.